இறகும் கத்தியும் ஏந்திய தாமஸ் அக்குவைனாஸ்: அவர் எழுத்தரா?

கேள்வி இது: "ஓர் ஓவியத்தில் தாமஸ் அக்குவைனாஸ் சாய்மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் இறகுப் பேனாவும் மறு கையில் சிறு கத்தியுமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய மெய்யியலாளர் ஏட்டைப் படியெடுக்கும் எழுத்தர் வேலையும் பார்த்தாரா, இல்லை இது ஓவியரின் கற்பனையா?" இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எழுதும் கோலத்தில் ஒருவரை வரைந்தால் இடைக்காலத்தில் அதற்கு என்ன பொருள் என்பது ஒன்று. தாமஸ் உண்மையில் எப்படி எழுதினார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓவிய மரபு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அவருடைய கையெழுத்தே இன்றும் நம்மிடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களில் இந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் படம். உட்கார்ந்து எழுதும் இந்தக் கோலம் தாமஸுக்காக உண்டானதல்ல. நற்செய்தி நூல்களின் தொடக்கத்தில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரையும் இப்படித்தான் வரைந்தார்கள். 716க்கு முன் இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில் உருவான அமியாட்டினுஸ் விவிலியத்தில், யூத மறைநூல் அறிஞர் எஸ்ரா மடியில் ஏட்டை வைத்து எழுதுகிறார். பின்னால் அலமாரியில் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. பிற்காலத்தில் திருச்சபை ஆசிரியர்களும் அதே இருக்கையில் ஏறினார்கள். 1141இல் இறந்த பாரிஸ் இறையியலாளர் சென்ட் விக்டர் ஹியூகோவை, லெய்டன் நூலகத்திலுள்ள ஒரு கையெழுத்துப்படி பேனாவும் கத்தியுமாகவே காட்டுகிறது. தொழில்முறை எழுத்தர்களுக்கும் இதே கோலம்தான். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கேன்டர்பரியில் உருவாகி, இப்போது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் விவிலியச் சங்கீத (திருப்பாடல்) நூலில், எட்வின் என்ற துறவி இப்படி அமர்ந்திருக்கிறார். படத்தைச் சுற்றியுள்ள வாசகம் அவரை 'எழுத்தர்களின் இளவரசன்' என்கிறது. ஆக, கோலத்தை மட்டும் வைத்து அமர்ந்திருப்பவர் ஆசிரியரா எழுத்தரா என்று முடிவு கட்ட முடியாது. பெயர் எழுதியிருக்கிறதா, தலையைச் சுற்றி ஒளிவட்டம் உண்டா, காதருகே புறா உண்டா என்று பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

புறா முக்கியமான அடையாளம். அது பெரிய கிரகோரியாரிடமிருந்து வந்தது. திருத்தந்தை கிரகோரியார் திரைக்கு அப்பால் சொல்லச் சொல்ல, இப்பால் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். இடையில் நெடுநேரம் மௌனம். எழுதுபவர் எழுத்தாணியால் திரையில் ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தபோது, தூய ஆவி புறா வடிவில் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது மரபுக் கதை. 984ஐ ஒட்டி டிரியர் நகரில் தீட்டிய ஒரு புகழ்பெற்ற தனி ஏடு இக்காட்சியை அப்படியே காட்டுகிறது. அதில் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். இதே பிரிவினையை, இறைக்காட்சிகளை எழுதிய 12ஆம் நூற்றாண்டுத் துறவி பிங்கன் ஹில்டெகார்ட் படத்திலும் காணலாம்: தலைமேல் நெருப்பு நாக்குகள் இறங்க அவர் மெழுகுப் பலகையில் குறிக்கிறார், துறவி வோல்மார் அடுத்த அறையிலிருந்து தலையை நீட்டி நிற்கிறார். (அந்த மூல ஏடு 1945இல் காணாமல் போனது, அதற்கு முன்பே ஐபிங்கன் மடத்தில் கையால் எடுத்த நகல்தான் இன்று நமக்குத் துணை.) தாமஸை வரைந்தவர்களோ புறாவை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதுபவரை விட்டுவிட்டார்கள். சொல்பவரும் எழுதுபவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்தக் கத்தியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ஓவியர்கள் மிகச் சரியாகக் காட்டும் பொருள் அதுதான். கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தியதே தோல்தாள். அது காகிதம் போல மேசையில் படிந்து கிடக்காது; காற்றில் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் எழும்பும், சுருளும். எழுதும் இடத்தை அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும். விரலால் அழுத்தினால் கைப்பிசுக்கு ஏறி அந்த இடத்தில் மை ஒட்டாது. ஆகவே கத்தி முனையால் அழுத்தினார்கள். பேனா முனை தேய்ந்தால் சீவுவதும் அதே கத்திதான். பிழை வந்தால் சுரண்டுவதும் அதுவே. சுரண்டிய இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்காமல் மறுபடி எழுதினால், மை பிசிறி எழுத்து ஊதிப்போகும். பழைய ஏடுகளில் பிழைதிருத்தம் தனியாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். இடக்கையில் கத்தி இல்லாமல் தோல்தாளில் எழுதும் படத்தைக் கண்டால், வரைந்தவர் எழுத்தறையைப் பார்த்ததில்லை என்று சந்தேகிக்கலாம்.

பேனா, வாத்துச் சிறகின் முன்பகுதியிலுள்ள நீண்ட இறகுகள். வலக்கைக்காரருக்கு இடச் சிறகின் இறகு வாட்டமாக இருக்கும், அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்புறம் போகும். இறகை ஊறவைத்து, சூடான மணலில் செருகி இறுக வைப்பார்கள். இதைச் செய்யாவிட்டால் முனை சீக்கிரமே குழைந்து அகலும். பிறகு சாய்வாகச் செதுக்கி, நடுவில் பிளவு கொடுத்து, நுனியைக் குறுக்கே வெட்ட வேண்டும். பிளவு நீண்டுபோனால் மை சொட்டும், குறுகினால் இறங்காது. தூவியைப் பெரும்பாலும் சீவி எடுத்துவிடுவார்கள், கைக்குத் தடை என்பதால். காற்றில் ஆடும் பெரிய வெள்ளை இறகோடு தாமஸ் எழுதுகிற படம் என்றால், அது பிற்கால அழகுணர்ச்சி.

மை நம் ஊர் நாட்டு மருந்துக்கடைச் சரக்காலேயே செய்யக்கூடியது: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காய் என்பது கருவாலி மரக்கிளையில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் திரளும் முடிச்சு. அதை இடித்து ஊறவைத்த துவர்ப்பு நீரில் அன்னபேதி சேர்ந்தால் கருமை பிறக்கும். பிசின், மையைத் தாளோடு பிடித்து வைக்கும். எடையில் மூன்று பங்கு மாசிக்காய், இரண்டு பங்கு அன்னபேதி, ஒரு பங்கு பிசின் என்ற அளவில் தொடங்கினால் சரியாக வரும், ஆனால் பழைய செய்முறைகள் ஒன்றுக்கொன்று நிறையவே மாறும். எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டதும் கறுக்கும். அன்னபேதி கூடினால் காலப்போக்கில் மை தாளை அரித்து, எழுத்து இருந்த இடம் ஓட்டையாகும். மேசை சாய்ந்திருப்பதற்குக் காரணமும் இந்த மைதான்: இறகுப் பேனாவைத் தாளுக்கு ஏறத்தாழ செங்குத்தாகப் பிடித்து எழுதும்போது, மேசை மட்டமாக இருந்தால் மை மளமளவென்று இறங்கிவிடும். மைக்கொம்பை மேசையிலுள்ள துளையில் செருகி வைப்பார்கள்.

இவ்வளவு கருவிகளையும் சரியாகக் காட்டும் ஓவியர்கள் ஒரு பெரிய விஷயத்தைத் தெரிந்தே தவறாகக் காட்டுவார்கள். தாமஸ் கட்டி முடித்த புத்தகத்தில் எழுதுவார். உண்மையில் யாரும் அப்படி எழுதவில்லை. மடிக்கப்பட்ட தனித்தாள்களில், பெரும்பாலும் நான்கு தாள் சேர்ந்த எட்டு இலைக் கட்டில், ஓரத்தில் துளையிட்டுக் கோடு இழுத்து எழுதி, எல்லாம் முடிந்த பிறகே தைத்து அட்டை போட்டார்கள். கட்டிய புத்தகம் படத்தில் வருவது, 'இவர் எழுதியது முழுமை பெற்றது, அதிகாரம் உள்ளது' என்று சொல்வதற்காக. முதல் வரைவுக்குப் பலர் தோல்தாளையே தொடமாட்டார்கள். 1077-78ஐ ஒட்டி துறவியும் இறையியலாளருமான அன்செல்ம் தம் 'புரோஸ்லோகியோன்' நூலை மெழுகுப் பலகைகளில் எழுதி ஒரு சகோதரரிடம் பாதுகாக்கக் கொடுத்தார். அவை காணாமல் போயின. மறுபடி எழுதிக் கொடுத்தவை தரையில் உடைந்து கிடந்தன. மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, சிரமப்பட்டு வாசித்து, இனி இழக்கக்கூடாது என்று தோல்தாளுக்கு மாற்றச் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஈட்மர் பதிந்திருக்கிறார். அன்செல்மை வரைகிறவர் யாரும் உடைந்த மெழுகை வரைவதில்லை.

ஓவியர் தம் காலத்து மேசையையே வரைகிறார் என்பதற்கு ஓர் உறுதியான சான்று உண்டு. இத்தாலியில் திரெவிசோ நகரின் தொமினிக்கன் மடத்தில் 1352இல் தொமாசோ த மோதெனா, தாமஸின் சபையைச் சேர்ந்த நாற்பது பேரைத் தனித்தனி மேசையில் அமர்ந்து படிப்பவர்களாக, எழுதுபவர்களாகச் சுவரில் தீட்டினார். தாமஸின் ஆசிரியர் பெரிய ஆல்பர்ட்டும் அவர்களில் ஒருவர். கர்தினால் ஹியூகோ (மேலே சொன்ன சென்ட் விக்டர் ஹியூகோ அல்ல, வேறொருவர்) மூக்கில் கண்ணாடி வைத்துக்கொண்டு எழுதுகிறார். கண்ணாடியைக் காட்டும் மிகப் பழைய ஓவியம் என்று அறியப்படுவது இதுதான். அந்த ஹியூகோ இறந்தது 1263இல். மூக்குக் கண்ணாடி இத்தாலியில் தோன்றியதோ 1280களில். அவர் அதைக் கண்ணால் கண்டிருக்கவே முடியாது. தாமஸின் கையிலுள்ள கத்தியும் இறகும் காலத்துக்குப் பொருந்துபவைதாம், ஆனாலும் அவை ஓவியரின் மேசையிலிருந்து வந்தவை, தாமஸின் மேசையிலிருந்து அல்ல.

இனி ஆளைப் பற்றி. தாமஸ் காலத்தவரே 'எழுத்தர்' என்ற சொல்லுக்கு வரையறை கொடுத்திருக்கிறார்கள். 1250ஐ ஒட்டி, பீட்டர் லொம்பார்டின் 'வாக்கியங்கள்' என்ற இறையியல் பாடநூலுக்கு எழுதிய உரையின் முன்னுரையில், இறையியலாளர் பொனவெந்தூரா புத்தகம் உண்டாக்குவோரை நான்காகப் பிரிக்கிறார். பிறர் சொல்லை எதையும் கூட்டாமல் மாற்றாமல் எழுதுபவர் எழுத்தர். பிறர் சொற்களைச் சேர்த்து அடுக்கி, தம் சொல்லை நுழைக்காதவர் தொகுப்பாளர். பிறர் சொல் முதன்மையாக, தம் சொல் விளக்கமாக வருமாறு எழுதுபவர் உரையாசிரியர். தம் சொல் முதன்மையாக, பிறர் சொல் உறுதிப்பாட்டுக்காக வருமாறு எழுதுபவர் ஆசிரியர். நான்கு பேரும் எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பேனா பிடித்திருக்கிறாரா என்பதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை, சொல் யாருடையது என்பதுதான் அவருக்கு அளவுகோல். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தாமஸிடம் போவது நல்லது.

அவருடைய கையெழுத்தில் இன்று வத்திக்கான் நூலகத்தில் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன, 9850, 9851 என்ற எண்களில். முதலாவதில் 'சும்மா கோன்ட்ரா ஜென்டீலெஸ்' (புறவினத்தாருக்கு எதிரான தொகுப்பு) நூலின் ஒரு பகுதியும், விவிலியத்தின் எசாயா நூலுக்கான உரை, பொயேத்தியுஸின் திரித்துவ நூலுக்கான உரை ஆகியவற்றின் பகுதிகளும் உண்டு. இரண்டாவதில் 'வாக்கியங்கள்' மூன்றாம் நூலுக்கான உரை. இவை அவர் கைதான் என்பதில் ஆய்வாளரிடையே ஐயமில்லை. அந்தக் கைக்கு ஒரு பெயரே உண்டு: 'லித்தெரா இன்இன்டெல்லிஜிபிலிஸ்', புரியாத எழுத்து. பழைய பட்டியல்களே அப்படித்தான் குறித்தன. அழகாக உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் தீட்டும் படத்துத் தாமஸுக்கும் இந்த ஏட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எழுத்துகள் சாய்ந்து ஓடுகின்றன. சொற்கள் முதல் எழுத்தும் ஒரு கோடுமாகச் சுருங்குகின்றன. இ, உ, ந, ம ஆகியவற்றுக்கு உரிய லத்தீன் எழுத்துகள் வெறும் குச்சிகளாக வரிசையாக நிற்கின்றன, எது எங்கே முடிகிறது என்று சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அவசரத்தில் சொல் விடுபட்டும் போகிறது. பத்தி பத்தியாக அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். 'சும்மா கோன்ட்ரா ஜென்டீலெஸ்' முதல் நூலின் 53ஆம் அதிகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அறிவு ஒரு பொருளைத் தன்னுள் எப்படிக் கருக்கொள்கிறது என்பதைச் சொல்ல முயன்று, திருப்தியில்லாமல் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார். சிந்தனை திரும்பும் இடத்தில் பேனாவும் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே அதிகாரத்தோடு பாரிஸில் எழுதிய பகுதி முடிகிறது, அது 1259 கோடைக்கு முன்பு என்று மையையும் தோலையும் ஒப்பிட்டு ஆய்வாளர் ரெனே அந்துவான் கோத்தியே வாதிட்டார். தாமஸ் அந்த ஆண்டில் பாரிஸை விட்டுக் கிளம்பியதோடு இது பொருந்துகிறது.

இந்த எழுத்தை அச்சகத்துக்கு அனுப்புவது போல யாரிடமும் கொடுத்துவிட முடியாது. எசாயா உரையை ஆஸ்தி ஊர் யாக்கோபினோ என்ற துறவி, வாசிக்க முடியாத எழுத்திலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்துக்கு மாற்றினார் என்ற குறிப்பு உண்டு. பெரும்பாலும் தாமஸ் தம் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல, செயலாளர் எழுதினார் என்பதே ஆய்வாளர் அந்துவான் தொந்தேன் 1956இல் விரிவாக நிறுவிய கருத்து. 'உண்மை பற்றி' என்ற விவாத நூலின் பெரும்பகுதிக்கு, அப்படிச் சொல்லி எழுதுவித்த மூலப்படியே வத்திக்கானில் 781 என்ற எண்ணில் தப்பியிருப்பதையும் அவர் காட்டினார். காதில் விழுந்ததை எழுதியவரின் தடுமாற்றமும், உடனுக்குடன் நேர்ந்த திருத்தமும் அதில் தெரிகின்றன. 1260களின் நடுவுக்குப் பிறகு எழுதிய எதற்கும் அவர் கைவரைவு கிடைக்கவில்லை. 'இறையியல் தொகுப்பு' என்ற பெருநூலுக்கு அவர் கைப்பட ஒரு பக்கம்கூட இன்று இல்லை. ஓவியங்களில் அவர் பெரும்பாலும் எழுதுவதாகக் காட்டப்படும் நூல் அதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானது இவ்வளவு. இனிவருவது சாட்சியம், அதைச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 1319இல் நேப்பிள்ஸில் நடந்த புனிதர் பட்ட விசாரணையில் நேப்பிள்ஸ் அரசின் உயர் அலுவலர் கப்புவா பர்த்தொலொமேயு, தாமஸ் பல எழுத்தர்களுக்குச் சொல்லி எழுதுவித்தார் என்றார். தாமஸின் வரலாற்றை எழுதிய தொக்கோ வில்லியம், அவர் தம் அறையில் மூன்று பேருக்கு, சில வேளை நான்கு பேருக்கு, ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருள்களைச் சொல்லி எழுதுவித்தார் என்கிறார்; பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த இவான் என்ற எழுத்தர் சொன்னதாக, களைப்பில் கண்ணயர்ந்தும் தாமஸ் சொல்வதை நிறுத்தவில்லை என்று சேர்க்கிறார். பல செயலாளர்கள் இருந்ததை ஏடுகளே உறுதிப்படுத்துகின்றன. ஒரே நேரத்தில் நான்கு பேர் என்பதை நான் தயக்கத்தோடு ஏற்பேன். ஜூலியஸ் சீசரைப் பற்றியும் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதையே சொல்கிறார். பேரறிவுக்குச் சூட்டும் பழைய மாலை அது. ஆனால் ஒருவருக்கு வரைவை வாசித்துவிட்டு, அவர் மேற்கோளைத் தேடி நிரப்பும் நேரத்தில் அடுத்தவரிடம் திரும்புவது நடக்கக்கூடியதே. தொக்கோ சொல்லும் மற்றொரு செய்தி, கையில் மெழுகுவர்த்தியோடு திரித்துவம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுடர் விரலைத் தொட்டும் அவர் உணரவில்லை என்பது. அந்த விரல்களில் மெழுகுவர்த்தி இருக்கிறது, பேனா இல்லை.

அவர் நூல்களைப் பரப்பிய உண்மையான எழுத்தர்களை எந்த ஓவியமும் காட்டுவதில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் புத்தகக்காரர்கள், சரிபார்த்த மூலப்படி ஒன்றைத் தைக்காமல் தனித்தனிக் கட்டுகளாக வைத்திருப்பார்கள். ஒரு கட்டு பொதுவாக நான்கு இலை, எட்டுப் பக்கம், பெயர் 'பெசியா'. கட்டை வாடகைக்கு எடுத்துப் படியெடுத்து, திருப்பிக் கொடுத்து அடுத்ததை வாங்க வேண்டும். இப்படிப் பல எழுத்தர்கள் ஒரே நூலை ஒரே சமயத்தில் எழுதினார்கள். அடுத்த கட்டு வெளியே போயிருந்தால், அளவாக இடம்விட்டு மேலே போவார்கள். பிறகு இடம் போதாமல் நெருக்கி எழுதுவார்கள், அல்லது வெற்றிடம் மிஞ்சும். ஒரு தாமஸ் படியில் திடீரென்று மையின் நிறமும் எழுத்தின் நெருக்கமும் மாறினால், ஓரத்தில் சிறு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது கட்டு மாறிய இடம். 1304ஆம் ஆண்டு பாரிஸ் வாடகைப் பட்டியலில் தாமஸின் நூல்கள் விலையோடு இருக்கின்றன.

1273 டிசம்பர் 6, புனித நிக்கலாஸ் திருநாள் திருப்பலிக்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை, சொல்லி எழுதுவிக்கவுமில்லை. 'இறையியல் தொகுப்பு' ஒப்புரவு (பாவமன்னிப்பு) பற்றிய பகுதியில் நின்றது. 'எழுதும் கருவிகளைத் தொங்கவிட்டார்' என்பது பர்த்தொலொமேயு பயன்படுத்திய சொல். தோழர் ரெஜினால்ட் கேட்டபோது, எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றாராம். இந்தப் பேச்சு ஆள்மாறி ஆள்மாறி வந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே பதிவானது. எழுத்து நின்றதற்கு முற்றுப்பெறாத நூலே சாட்சி. மூன்று மாதம் கழித்து, 1274 மார்ச் 7 அன்று ஃபொஸ்ஸநோவா மடத்தில் இறந்தார்.

எனவே அமர்ந்திருப்பவர் தாமஸ் என்று தெரிந்த பிறகு, படத்தில் உள்ள கோலம் ஆசிரியருக்கு உரியது, எழுத்தர் என்று அதற்குத் தலைப்பிட வேண்டியதில்லை. ஆனால் பொனவெந்தூராவின் கண்டிப்பான பொருளிலும் தாமஸ் எழுத்தராக இருந்த ஒரு காலம் உண்டு. நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் ஒரு தொகுதி இருக்கிறது. 1248 முதல் 1252 வரை தாமஸ் கொலோன் நகரில் ஆல்பர்ட்டிடம் படித்தார். தியோனீசியுஸ் என்ற பெயரில் வழங்கும் நூல்களுக்கு ஆல்பர்ட் நடத்திய பாடங்கள் அந்தத் தொகுதியில் உள்ளன. வகுப்பில் கேட்கக் கேட்க எழுதியதா, பிறகு அமர்ந்து படியெடுத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எழுதியது யார் என்பதில் இல்லை. அதே சாய்ந்து ஓடும், எளிதில் பிடிபடாத எழுத்து, இருபதுகளில் இருந்த தாமஸின் கை. அதில் வருகிற சொற்கள் ஆல்பர்ட்டுடையவை.